சாமுவேல் லாங்லியும் ஆற்றில் விழுந்த விமானமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17 அன்று பறந்தது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதற்கு ஒன்பது நாள் முன்பு வாஷிங்டன் நகரில், பெரும்பாலும் அரசுப் பணத்தில் கட்டிய ஒரு பெரிய விமானம் கிளம்பிய வேகத்தில் உடைந்து ஆற்றில் விழுந்தது. அதைக் கட்டியவர் அமெரிக்காவின் முன்னணி விஞ்ஞானிகளில் ஒருவரான சாமுவேல் பியர்பான்ட் லாங்லி. அவரைப் பற்றியும் அவர் காலத்துப் பறத்தல் சோதனைகளைப் பற்றியும் வழக்கமாக எழும் கேள்விகளும் பதில்களும் கீழே.

யார் இந்த லாங்லி?

1834 இல் பாஸ்டனை ஒட்டிய ராக்ஸ்பரியில் பிறந்தவர். கல்லூரிப் படி ஏறியதில்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் கட்டடக்கலை, சிவில் இன்ஜினியரிங் என்று சிகாகோ, செயின்ட் லூயிஸ் பக்கம் வேலை பார்த்தார். முப்பது வயது வாக்கில் ஊர் திரும்பி, தம்பி ஜானோடு சேர்ந்து சொந்தமாகத் தொலைநோக்கி கட்டினார். அப்புறம் ஹார்வர்ட் வானாய்வகத்தில் உதவியாளர் வேலை, கடற்படை அகாடமியில் கொஞ்ச காலம், 1867 முதல் பிட்ஸ்பர்க் அருகே அலெகெனி வானாய்வகத்தின் இயக்குநர். இருபது ஆண்டு கழித்து, 1887 இல், வாஷிங்டனில் அருங்காட்சியகங்களும் ஆய்வும் நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அமெரிக்க அறிவியல் உலகில் அதற்கு மேலான நாற்காலிகள் அன்று அதிகம் இல்லை. 1906 இல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார்.

வானியலில் அவர் உருப்படியாக எதுவும் செய்தாரா, அல்லது விமானத்தால்தான் பெயரா?

என்னைக் கேட்டால், அவருடைய நிலையான சாதனை வானியலில்தான் இருக்கிறது. விமானக் கதை சத்தம் அதிகம் போட்டதால் இது மறைந்துபோனது.

அலெகெனிக்கு அவர் போனபோது அங்கே ஒரு தொலைநோக்கி இருந்தது, பணம் இல்லை. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஊருக்கு ஊர் கடிகாரம் வேறு. ரயில் கம்பெனிகளுக்கு இது பெரிய தலைவலி. லாங்லி நட்சத்திரங்களைப் பார்த்துத் துல்லியமான நேரம் கணித்து, அதைத் தந்தி வழியாக பென்சில்வேனியா ரயில்வேக்கு 1869 முதல் விற்கத் தொடங்கினார். அந்த வருமானத்தில்தான் ஆய்வகம் ஓடியது. விஞ்ஞானி என்றால் காசு விஷயத்தில் ஏமாளி என்ற எண்ணம் உள்ளவர்கள் இதைக் கவனிக்கலாம்.

1880ஐ ஒட்டிய காலத்தில் அவர் உருவாக்கிய போலோமீட்டர் இன்னும் பெரிய விஷயம். கறுப்பு பூசிய மெல்லிய பிளாட்டினப் பட்டை மீது வெப்பக் கதிர் விழுந்தால் அதன் மின்தடை மாறும். அந்த மாற்றத்தை அளந்தால் விழுந்த வெப்பம் எவ்வளவு என்று தெரியும். ஒரு டிகிரியில் லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூட அது காட்டியது. அந்தக் கருவியோடு 1881 இல் கலிஃபோர்னியாவின் விட்னி மலைக்கு ஏறி, சூரியனிடமிருந்து வரும் வெப்பத்தைக் காற்று எவ்வளவு விழுங்குகிறது என்று அளந்தார். பூமிக்கு வந்துசேரும் சூரிய சக்தியின் அளவான சூரிய மாறிலிக்கு அவர் சொன்ன மதிப்பு உண்மையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கூடுதல், அது வேறு விஷயம். நிலவிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர் பற்றிய அவரது அளவீடுகளை வைத்துத்தான் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி அரீனியஸ் 1896 இல், கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்ற புகழ்பெற்ற கணக்கைப் போட்டார். போலோமீட்டரின் வாரிசுகள் இன்றும் விண்வெளித் தொலைநோக்கிகளில் வேலை செய்கின்றன.

அப்படிப்பட்டவர் பறக்கும் இயந்திரத்துக்குள் எப்படி வந்தார்?

1886 இல் பஃபலோ நகரில் அமெரிக்க அறிவியல் மாநாடு ஒன்று நடந்தது. இஸ்ரேல் லங்காஸ்டர் என்பவர் இறக்கை அடிக்காமலே மிதக்கும் பெரிய பறவைகளைப் பற்றி அங்கே ஒரு கட்டுரை வாசித்தார். கூடியிருந்த பலர் சிரித்தார்கள். லாங்லிக்குச் சிரிப்பு வரவில்லை. காற்றைவிடப் பல மடங்கு கனமான ஒரு பிராணி, சக்தியே செலவழிக்காததுபோல் மேலே நிற்கிறதென்றால், அதற்கு எவ்வளவு சக்தி தேவை என்று யாராவது ஒழுங்காக அளந்திருக்கிறார்களா என்று யோசித்தார். தேடிப் பார்த்தால் நம்பும்படியான அளவீடுகள் மிகக் குறைவு. அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

அந்தக் காலத்தில் மரியாதைப்பட்ட விஞ்ஞானி ஒருவர் பறக்கும் இயந்திரம் பற்றிப் பேசுவதே பெயரைக் கெடுக்கும் காரியம். தெரிந்தேதான் இறங்கினார். அந்தத் துணிச்சலுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

சோதனைகளை எப்படிச் செய்தார்? அப்போது காற்றுச் சுரங்கம் எல்லாம் இருந்ததா?

காற்றுச் சுரங்கம் என்றால் உள்ளே காற்றை ஓடவிட்டு இறக்கைகளைச் சோதிக்கும் குழாய். இங்கிலாந்தில் 1871 இலேயே ஒன்று கட்டியிருந்தார்கள், ஆனால் பரவலாக இல்லை. லாங்லி பயன்படுத்தியது சுழல் கை என்ற பழைய உத்தி. அலெகெனி ஆய்வக வளாகத்தில், நடுவில் ஒரு தண்டு, அதன் மேல் கிடைமட்டமாக நீண்ட கை. சுற்றும் வட்டத்தின் விட்டம் 60 அடி, அதாவது சுமார் 18 மீட்டர். நீராவி இன்ஜின் சுழற்றும்போது கையின் நுனி மணிக்கு 70 மைல் வேகம்வரை போகும். நுனியில் பித்தளைத் தகடுகளைப் பல கோணங்களில் பொருத்தி, தூக்கும் விசை எவ்வளவு, இழுவை (காற்று பின்னுக்கு இழுக்கும் விசை) எவ்வளவு என்று அளந்தார். பஞ்சடைத்த பறவைகளையும் கட்டிச் சுற்றிவிட்டார், ஆல்பட்ரோஸ் உட்பட.

இதில் குறை உண்டு. கூரையில்லாத திறந்தவெளி என்பதால் வெளிக்காற்று கணக்கைக் குழப்பும். கை சுற்றச் சுற்ற அங்கே உள்ள காற்றும் கூடவே சுற்ற ஆரம்பிக்கும். ஆனாலும் பொறுமையாகப் பல தடவை அளந்து, முடிவுகளை 1891 இல் புத்தகமாக வெளியிட்டார்.

‘லாங்லி விதி’ என்கிறார்களே, அது என்ன? அது தவறு என்பது சரியா?

அந்தப் புத்தகத்தில் அவர் சொன்னது இதுதான்: கிடைமட்டமாகப் பறக்கும் ஒரு தகட்டைத் தாங்க, வேகம் கூடக்கூடத் தேவையான சக்தி குறையும். ஒரு குதிரைத்திறன் இருந்தால் 200 பவுண்டுக்கு மேற்பட்ட எடையை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் தாங்கிச் செல்லலாம் என்றும் எழுதினார்.

பாதி சரி. விமானத்துக்கு இரண்டு வகை இழுவை உண்டு. ஒன்று, எடையைத் தாங்குவதற்காகக் காற்றைக் கீழே தள்ளுவதால் வருவது. வேகம் கூடினால் இது குறையும். இன்னொன்று உடம்பின் மேல் காற்று உரசுவதாலும் மோதுவதாலும் வருவது. இது வேகம் கூடினால் கூடும். லாங்லி உரசலைப் புறக்கணிக்கத்தக்க அளவு சிறிது என்று ஒதுக்கிவிட்டார். அதனால் வேகமாகப் போனால் செலவு குறைவு என்ற அவரது பொதுவிதி, உண்மையான விமானங்களுக்கு ஒரு குறிப்பிட்ட வேகம்வரை மட்டுமே பொருந்தும், அதற்கு மேல் பொய்த்துவிடும்.

ஆனால் அந்தப் புத்தகத்தின் விளைவு விதியைவிடப் பெரியது. இருக்கிற இன்ஜின்களை வைத்தே இயந்திரப் பறத்தல் சாத்தியம் என்று ஸ்மித்சோனியன் தலைவர் எண்களோடு சொல்லிவிட்டார். இனிமேல் இதில் கை வைப்பவனைப் பைத்தியக்காரன் என்று சுலபமாகத் தள்ள முடியாது.

1896 இல் அவர் பறக்கவிட்டது என்ன?

ஆள் இல்லாத மாதிரி விமானம். முதலில் ரப்பர் பட்டையால் ஓடும் பொம்மைகள் மாதிரி பல கட்டிப் பார்த்தார், ஒன்றும் சில நொடிக்கு மேல் நிற்கவில்லை. அடுத்து நீராவிக்கு மாறினார். தன் இயந்திரங்களை அவர் ஏரோட்ரோம் என்று அழைத்தார், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எடை குறைத்தால் இறக்கை வளைந்தது, இறக்கையை உறுதியாக்கினால் இன்ஜின் தூக்கவில்லை. இப்படியே வருடங்கள் ஓடின.

கடைசியில் 1896 மே 6 அன்று, வர்ஜீனியாவில் குவான்டிகோ அருகே பொட்டோமாக் ஆற்றில் நிறுத்திய படகு வீட்டின் கூரையிலிருந்து ஐந்தாம் எண் இயந்திரத்தை ஸ்பிரிங் விசையால் ஏவினார்கள். முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி என நான்கு இறக்கை. எடை சுமார் 11 கிலோ, ஒரு குதிரைத்திறன் அளவுக்கு ஒரு நீராவி இன்ஜின். அது வட்டமிட்டு ஏறி, சுமார் 1,005 மீட்டர் பறந்து, நீராவி தீர்ந்ததும் மெதுவாகத் தண்ணீரில் இறங்கியது. எடுத்துத் துடைத்து மறுபடி ஏவினார்கள், 700 மீட்டர். தொலைபேசி கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் அங்கே இருந்தார். அவர் எடுத்த புகைப்படம் இன்றும் இருக்கிறது. அதே ஆண்டு நவம்பர் 28 அன்று ஆறாம் எண் இயந்திரம் சுமார் 1,460 மீட்டர் போனது.

கண்ணில் படுகிற அளவு பெரிய, இன்ஜின் பூட்டிய, காற்றைவிடக் கனமான ஓர் இயந்திரம் அதுவரை இவ்வளவு தூரம் பறந்ததே இல்லை. இது முழுக்க லாங்லியின் வெற்றி.

அதோடு நிறுத்தியிருக்கலாமே?

நிறுத்துவதாகத்தான் எழுதினார். சாத்தியம் என்று காட்டுவது என் பங்கு, அது முடிந்தது, வணிகரீதியாக வளர்ப்பதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்ற பொருளில்.

அப்போதுதான் போர் வந்தது. 1898 பிப்ரவரியில் ஹவானா துறைமுகத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் மெய்ன் வெடித்து மூழ்கியது, ஸ்பெயினோடு போர் நெருங்கியது. எதிரியை வானிலிருந்து வேவு பார்க்க இயந்திரம் கிடைக்குமா என்று அரசு வட்டாரத்தில் பேச்சு எழுந்தது. கடற்படைத் துணை அமைச்சராக இருந்த தியடோர் ரூஸ்வெல்ட், லாங்லியின் மாதிரி விமானத்தைக் கவனிக்க வேண்டும் என்று எழுதினார். ராணுவம் 50,000 டாலர் ஒதுக்கியது. போர் சில மாதங்களில் முடிந்துவிட்டது, ஆனால் வேலை தொடர்ந்தது. பின்னர் ஸ்மித்சோனியன் பணமும் சுமார் 20,000 டாலர் போனது.

அந்தப் பெரிய விமானத்தின் இன்ஜினைப் புகழ்கிறார்களே, அவ்வளவு சிறப்பா?

ஆமாம், இந்தக் கதையில் சந்தேகமில்லாமல் புகழ வேண்டியது அதுதான். நியூயார்க்கில் ஸ்டீஃபன் பால்சர் என்ற மெக்கானிக்கிடம் 12 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜினுக்கு 1898 இறுதியில் ஒப்பந்தம் போட்டார்கள். அவர் செய்தது, சிலிண்டர்களே சுழலும் வகை. எதிர்பார்த்த சக்தி வரவில்லை, பால்சர் கைக்காசையும் இழந்தார்.

கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த சார்லஸ் மேன்லி என்ற இளைஞர் அந்த வடிவத்தையே எடுத்துத் திருப்பிப் போட்டார். ஐந்து சிலிண்டரையும் நட்சத்திர வடிவில் அசையாமல் நிறுத்தி, நடுத்தண்டை மட்டும் சுழலவிட்டு, நீரால் குளிரூட்டினார். நிமிடத்துக்கு 950 சுற்றில் 52 குதிரைத்திறன் தந்தது. தண்ணீர், மின்கலம் எல்லாம் சேர்ந்து எடை சுமார் 94 கிலோதான். ரைட் சகோதரர்கள் 1903 இல் பூட்டிய இன்ஜின் 12 குதிரைத்திறன், எடை சுமார் 80 கிலோ. சக்திக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தில் மேன்லியின் இன்ஜினுக்குப் பல ஆண்டுகள்வரை போட்டியே இல்லை.

1903 இல் நடந்தது என்ன?

பெரிய ஏரோட்ரோம் பழைய மாதிரியின் அதே வடிவம்தான், அளவு மட்டும் பெரிது. இறக்கை விரிப்பு சுமார் 14.8 மீட்டர், நீளம் 16 மீட்டர், ஆளோடு சேர்த்து எடை 340 கிலோ. ஓட்டுபவர் மேன்லி. அவர் அதுவரை எதையும் ஓட்டிப் பறந்ததில்லை. இறங்க சக்கரமோ சறுக்குக்கட்டையோ கிடையாது, தண்ணீரில் போய் விழ வேண்டியதுதான்.

அக்டோபர் 7 அன்று வைட்வாட்டர் என்ற இடத்தில் படகு வீட்டின் கூரையிலிருந்து ஏவினார்கள். லாங்லி அன்று வாஷிங்டனில் வேலையாக இருந்தார், வரவில்லை. இயந்திரம் தண்டவாளத்தின் முனையை விட்டதும் மூக்கு குப்புற ஆற்றில் இறங்கியது. கைப்பிடி சாந்தை எறிந்தது போல் விழுந்தது என்று செய்தியாளர் ஒருவர் எழுதினார். மேன்லி நனைந்ததோடு சரி.

பழுது பார்த்து டிசம்பர் 8 அன்று மறுபடி. இந்தமுறை வாஷிங்டன் நகரத்திலேயே, அனகோஸ்டியா ஆறு பொட்டோமாக்கில் சேரும் இடம். மாலை மங்கிவிட்டது, காற்று தாறுமாறாக வீசியது, ஆற்றில் பனிக்கட்டி மிதந்தது. குளிர்காலம் முற்றுகிறது, பணமும் தீர்ந்துவிட்டது, அதனால் தள்ளிப்போட வழியில்லை. ஏவிய கணத்தில் பின் இறக்கைகளும் வாலும் நொறுங்கின. இயந்திரம் மூக்கைத் தூக்கி, செங்குத்தாக நின்று, முதுகுப்புறமாகத் தண்ணீரில் விழுந்தது. அடியில் சிக்கிய மேன்லி சட்டையைக் கிழித்துக்கொண்டு எப்படியோ வெளியே வந்தார். உயிர் தப்பியவர் முதலில் செய்தது, வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்ததுதான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நியாயம்தானே.

விழுந்ததற்கு உண்மையான காரணம் என்ன?

ஏவும் அமைப்பில் ஒரு பகுதி இறக்கைத் தாங்கியில் மாட்டிக்கொண்டது, இயந்திரத்தில் குறையில்லை என்று லாங்லி கடைசிவரை சொன்னார். மாட்டியிருக்கலாம். ஆனால் பிற்காலப் பொறியாளர்கள் பெரும்பாலோர் அதை முழுக் காரணமாக ஏற்கவில்லை.

முதல் சிக்கல் அளவைப் பெருக்கியது. ஒரு பொருளின் நீள அகலங்களை நான்கு மடங்காக்கினால் பரப்பு 16 மடங்காகும், எடை 64 மடங்காகும். பொம்மையில் போதுமான உறுதி தந்த மெல்லிய மரச்சட்டமும் கம்பியும், பெரிதாக்கியதும் போதாமல் போகும். எடையைக் குறைக்க லாங்லி எவ்வளவோ மெனக்கெட்டார், ஆனாலும் இறக்கைகள் பறக்கும் விசையில் முறுக்கிக்கொள்ளும் அளவுக்கு நொய்ந்தவையாக இருந்தன. அதைப் போய் ஸ்பிரிங் வைத்து ஒரே தள்ளில் வெளியே எறிந்தார்கள்.

இரண்டாவது, என் பார்வையில் இதுதான் அடிப்படை: விமானத்தைக் கட்டுப்படுத்துவது எப்படி என்பதை அவர் ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இறக்கைகளைச் சற்று மேல்நோக்கி வளைத்து வைத்தால் தானாகவே நிமிர்ந்துகொள்ளும் என்று நம்பினார். அமைதியான நாளில் ஆளில்லாத மாதிரிக்கு அது போதும். வாலை ஏற்றி இறக்கவும், திசை திருப்பவும் மேன்லிக்கு வசதி இருந்தது. பக்கவாட்டில் சாய்ந்தால் நிமிர்த்த எதுவும் இல்லை. ஒருவேளை அன்று உடையாமல் கிளம்பியிருந்தாலும், முதல் பலத்த காற்றில் அந்த இளைஞரின் கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

ரைட் சகோதரர்கள் மட்டும் எப்படிச் சாதித்தார்கள்?

தலைகீழ் வரிசையில் போனார்கள். முதலில் ஓட்டக் கற்றுக்கொண்டு, இன்ஜினைக் கடைசியில் பூட்டினார்கள். 1900 முதல் ஒவ்வோர் ஆண்டும் வட கரோலினாவின் கிட்டி ஹாக் கடற்கரைக்குப் போய் கிளைடர், அதாவது இன்ஜின் இல்லாத விமானம், பறக்கவிட்டார்கள். 1901 கடைசியில் சொந்தமாக ஒரு சிறிய காற்றுச் சுரங்கம் செய்து சுமார் 200 இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். இறக்கை நுனிகளை முறுக்கிப் பக்கவாட்டுச் சாய்வைச் சரிசெய்யும் முறையைக் கண்டார்கள். 1902 இல் மட்டும் நூற்றுக்கணக்கான தடவை மணல்மேட்டிலிருந்து சறுக்கிப் பழகியிருந்தார்கள். அதனால் 1903 டிசம்பர் 17 அன்று மணிக்கு 20 மைலுக்கு மேல் வீசிய காற்றிலும் சமாளிக்க முடிந்தது. முதல் தடவை 12 நொடி, 36.5 மீட்டர். நான்காவது தடவை 59 நொடி, 260 மீட்டர். மொத்தச் செலவு ஆயிரம் டாலர் அளவுக்குள்.

அவர்களுக்கு லாங்லியால் ஏதாவது உதவி கிடைத்ததா?

கிடைத்தது, இதைப் பலர் சொல்வதில்லை. 1899 மே 30 அன்று வில்பர் ரைட், பறத்தல் பற்றி என்னென்ன அச்சாகியிருக்கிறதோ அனுப்புங்கள் என்று ஸ்மித்சோனியனுக்குத்தான் கடிதம் போட்டார். லாங்லியின் துணைவர் ரிச்சர்ட் ராத்பன் பிரசுரங்களையும் படிக்க வேண்டிய நூல்களின் பட்டியலையும் அனுப்பினார்.

இன்னொன்று கணக்கு சம்பந்தப்பட்டது. வீசும் காற்று ஒரு தகட்டை எவ்வளவு அழுத்தும் என்று கணிக்க 18 ஆம் நூற்றாண்டிலிருந்து ஸ்மீட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் பெயரில் ஓர் எண் புழக்கத்தில் இருந்தது, 0.005. ரைட் சகோதரர்களின் 1901 கிளைடர் கணக்குப்படி தூக்க வேண்டிய அளவு தூக்கவில்லை. ஆராய்ந்தபோது அந்த எண்ணே தவறு, 0.0033 அளவில் இருக்க வேண்டும் என்று கண்டார்கள். லாங்லியின் சுழல் கை ஏற்கெனவே காட்டிய மதிப்பும் ஏறத்தாழ அதுதான். அதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. லாங்லி போன்ற ஒருவர் நம்புகிறார் என்பதே தங்களுக்குத் தைரியம் தந்தது என்று ரைட் சகோதரர்களே பின்னர் ஒப்புக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தில் வேறு யாரெல்லாம் முயன்றார்கள்?

ஜெர்மனியில் ஆட்டோ லிலியந்தால். 1891 முதல் சுமார் 2,000 தடவை கிளைடரில் பறந்தார், உடம்பைச் சாய்த்துச் சாய்த்துச் சமநிலை பிடிப்பார். 1895 இல் லாங்லி அவரைப் பெர்லினில் போய்ப் பார்த்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் லிலியந்தால் விழுந்து இறந்தார். மனிதன் ஏறிப் பழகினால்தான் கற்க முடியும் என்ற அவரது பாதையை லாங்லி பிடித்திருந்தால் கதை மாறியிருக்கலாம்.

பிரான்ஸில் கிளெமான் ஆதர் 1890 இல் வௌவால் இறக்கை வைத்த நீராவி இயந்திரத்தில் தரையை விட்டு எழும்பி, சுமார் 50 மீட்டர் தாவினார். இங்கிலாந்தில் இயந்திரத் துப்பாக்கி செய்து பணம் சேர்த்த ஹிராம் மாக்சிம், மூன்றரை டன் இயந்திரத்தைத் தண்டவாளத்தில் ஓட்டினார். 1894 ஜூலையில் அது எழும்பி, மேலே தடுத்து நிறுத்த வைத்திருந்த தண்டவாளத்தையே உடைத்தது. அதோடு அவர் விட்டுவிட்டார். பெர்சி பில்சர் 1899 இல் கிளைடர் விழுந்து இறந்தார். ஆஸ்திரேலியாவில் லாரன்ஸ் ஹார்கிரேவ் பெட்டிப் பட்டம் செய்தார். ரயில் பாலங்கள் கட்டிய ஆக்டேவ் ஷனூட் அறுபதைத் தாண்டிய வயதில் மிச்சிகன் ஏரி மணல்மேடுகளில் கிளைடர் சோதனை நடத்தினார், எல்லோருக்கும் கடிதம் எழுதி ஒருவரது அனுபவத்தை இன்னொருவருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

பத்திரிகைகள் எப்படி நடந்துகொண்டன?

மோசமாக. லாங்லியும் ரகசியம் காக்கிறேன் என்று செய்தியாளர்களைப் படகுப் பக்கமே அண்டவிடவில்லை. அவர்கள் கொசுக்கடியில் கரையில் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள், விழுந்ததும் வஞ்சம் தீர்த்துக்கொண்டார்கள். முதல் விபத்துக்கு இரண்டு நாள் கழித்து நியூயார்க் டைம்ஸ் தலையங்கம், பறக்கும் இயந்திரம் உருவாகப் பத்து லட்சம் முதல் ஒரு கோடி ஆண்டு ஆகலாம் என்றது. அதிலிருந்து பத்து வாரத்தில் கிட்டி ஹாக். நாடாளுமன்றத்தில் அரசுப் பணம் தண்ணீரில் போனதே என்று கேலி நடந்தது. ராணுவம் கைகழுவியது. தனியார் சிலர் பணம் தர முன்வந்தும் லாங்லி வாங்கவில்லை.

அவருடைய கடைசிக் காலம்?

அடுத்த அடி நிறுவனத்துக்குள்ளிருந்து வந்தது. 1905 இல் ஸ்மித்சோனியனின் கணக்காளர் ஒருவர் நீண்ட காலமாகப் பணம் கையாடியது தெரியவந்தது. பொறுப்பு தன்னுடையது என்று சொல்லி லாங்லி அதன்பின் சம்பளம் வாங்க மறுத்தார். அந்த ஆண்டு நவம்பரில் பக்கவாதம். 1906 பிப்ரவரி 27 அன்று தென் கரோலினாவின் எய்க்கன் நகரில் காலமானார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

லாங்லியின் விமானம் பிறகு பறந்தது என்கிறார்களே?

இங்கேதான் சண்டை. 1914 இல் ரைட் சகோதரர்களின் காப்புரிமை வழக்கில் விமானம் கட்டும் க்ளென் கர்டிஸ் தோற்றிருந்தார். அவர்களுக்கு முன்பே பறக்கத்தக்க விமானம் இருந்தது என்று காட்ட முடிந்தால் அவருக்கு லாபம். ஸ்மித்சோனியனின் புதிய தலைவர் சார்லஸ் வால்காட்டுக்கோ நண்பர் லாங்லியின் பெயரை மீட்க ஆசை. கிடங்கிலிருந்த பெரிய ஏரோட்ரோமையும் 2,000 டாலரையும் கர்டிஸிடம் கொடுத்தார்கள். நியூயார்க் மாநிலத்தில் கியூகா ஏரியில் மே 28 அன்று மிதவை பொருத்திய அந்த விமானம் சுமார் 45 மீட்டர் தாவியது.

பறந்தது உண்மை, அது லாங்லியின் விமானமா என்பதுதான் கேள்வி. இறக்கையின் வளைவு, தாங்கிகள், கம்பிக்கட்டு, கட்டுப்பாடு எல்லாம் மாற்றப்பட்டிருந்தன. அப்புறம் 1903 வடிவத்துக்கே திருப்பிக் கட்டி, ஆளைத் தாங்கிப் பறக்கும் திறன் பெற்ற உலகின் முதல் விமானம் என்று பலகை எழுதி ஸ்மித்சோனியன் காட்சிக்கு வைத்தது. மாற்றங்களைப் பற்றி அந்தப் பலகையில் ஒரு வார்த்தை இல்லை. இது லாங்லிக்குச் செய்த மரியாதை இல்லை, அவமானம் என்பேன்.

வில்பர் 1912 இலேயே இறந்துவிட்டார். தம்பி ஆர்வில் கோபத்தில் 1928 இல் 1903 விமானத்தை லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். அமெரிக்காவின் முதல் விமானத்தைப் பார்க்க அமெரிக்கர்கள் இங்கிலாந்து போக வேண்டிய நிலை. 1942 இல் அடுத்த தலைவர் சார்லஸ் ஆபட், 35 மாற்றங்களைப் பட்டியலிட்டு வருத்தம் தெரிவித்து அறிக்கை வெளியிட்ட பிறகுதான் பகை தணிந்தது. 1948 டிசம்பர் 17 அன்று விமானம் ஸ்மித்சோனியனில் காட்சிக்கு ஏறியபோது ஆர்வில் உயிரோடு இல்லை.

நாசாவின் லாங்லி மையம் இவர் பெயரில்தானா?

ஆமாம். வர்ஜீனியாவின் ஹாம்ப்டனில் 1917 இல் தொடங்கிய விமான ஆய்வகம் அது. பக்கத்திலுள்ள விமானப்படைத் தளத்துக்கும், 1922 இல் சேவைக்கு வந்த அமெரிக்காவின் முதல் விமானம் தாங்கிக் கப்பலுக்கும் அவர் பெயர். சூரியக் கதிர்வீச்சை அளக்கும் ஓர் அலகுக்கும்கூட லாங்லி என்றே பெயர், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கலோரி. ஸ்மித்சோனியன் ஏற்படுத்திய லாங்லி பதக்கத்தை முதலில் பெற்றவர்கள் ரைட் சகோதரர்கள்.

அந்த இயந்திரங்களை இப்போது பார்க்க முடியுமா?

ஆற்றில் விழுந்த பெரிய ஏரோட்ரோம், வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சான்டிலியில் உள்ள ஸ்மித்சோனியனின் உட்வார் ஹேசி மையத்தில் இருக்கிறது. ஐந்தாம் எண் மாதிரியும் ஸ்மித்சோனியன் வசம்தான். ஆறாம் எண் மாதிரி பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. சான்டிலிக்குப் போகிறவர்கள் பெரிய ஏரோட்ரோமின் இறக்கைச் சட்டங்களைக் கிட்டே நின்று கவனியுங்கள். அவ்வளவு ஒல்லியான மரத்தை நம்பி மேன்லி ஏறினார் என்பது படத்தில் பார்த்தால் புரியாது.